புதுப்பிப்பு: ஜிஎக்ஸ் 470-இல் 33 அங்குல டயர் உரசல் தீர்ந்தது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லெக்சஸ் ஜிஎக்ஸ் 470 எஸ்யூவியை 2 அங்குலம் உயர்த்தி 285/70ஆர்17 டயர் (விட்டம் சுமார் 33 அங்குலம்) போட்ட பிறகு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன் டயர் உரசுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டச் சொன்ன யோசனைதான் பெரும்பகுதி வேலையை முடித்தது. அலைன்மென்ட்டில் சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் கேம் போல்ட்டை (கோணத்தை மாற்ற உதவும் போல்ட்) திருப்பிச் சக்கரத்தைச் சற்று முன்னால் தள்ளினோம். சாலையில் உரசல் போய்விட்டது. ஆனால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாபில் பாறை மேல் சஸ்பென்ஷன் அழுந்தியபோது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பாடி மவுன்ட்டின் (பாடியைச் சேசிஸோடு இணைக்கும் தாங்கி) முனை மறுபடி டயரில் பட்டது. அப்புறம் இன்னொருவர் சொன்னபடி அந்த முனையை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்து, துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்தோம். இப்போது உரசலே இல்லை. வெட்டினால் தகடு கட்டாயம் வையுங்கள்; பாடி சேசிஸில் உட்காரும் இடம் அது.

எதிர்பாராதது ஒன்று: சக்கரம் முன்னால் வந்ததால் சக்கரக் குழியின் உள்ளே முன்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் (லைனர்) தட்டியது. ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அழுத்தினோம், சரியாகிவிட்டது.

இன்னொன்று, கம்பெனி அளவான 265/65ஆர்17-ஐ விட விட்டம் 7 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டினால் நிஜ வேகம் சுமார் 64.