மறு: ‘இலுமினேட்டட் மேனுஸ்கிரிப்ட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

[மடல் 12]

அன்பு நண்பர்களே,

மூன்று நாட்களாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ‘ஒளியூட்டப்பட்ட கையெழுத்துப் பிரதி’ அச்சேறிவிடும் என்ற பயத்தில் எழுதுகிறேன். பொன்னாலும் வண்ணத்தாலும் அழகுசெய்த பழைய கையெழுத்து நூலைத்தான் ஆங்கிலத்தில் இலுமினேட்டட் மேனுஸ்கிரிப்ட் என்கிறார்கள். தங்கை தன் கட்டுரைக்காக முதல் மடலில் கேட்டது இது:

> ‘ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸில் உருவான ஷாநாமா, தலைசிறந்த இலுமினேட்டட் மேனுஸ்கிரிப்டுகளில் ஒன்று.’ இந்த வரியை எப்படித் தமிழாக்குவது?

ஷா தஹ்மாஸ்ப் 16ஆம் நூற்றாண்டு ஈரானின் மன்னர், ஷாநாமா பிர்தௌசி பாடிய பாரசீகக் காவியம். எளிய பாதியை முதலில் முடித்துவிடுவோம். மேனுஸ்கிரிப்ட் என்பதற்குச் சுவடி போதும். ‘சுவடி என்றால் பனையோலை, பாரசீக நூல் காகிதமாயிற்றே’ என்று ஒருவர் தடை சொன்னார். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஓலையும் இருக்கிறது, காகிதமும் இருக்கிறது, பாரசீக நூல்களும் அரபு நூல்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுவடி என்றே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் பிரதி என்றால் எனக்கு எழுத்தாளர் அச்சகத்துக்கு அனுப்பும் கட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. சுவடியின் ஒவ்வொரு தாளையும் ஏடு என்போம். அங்கே சண்டையில்லை.

சண்டை முதல் பாதியில். ஒளியூட்டிய, ஒளிர், சுடர் என்று வந்த சொற்கள் எல்லாம் லத்தீனில் ஒளியைக் குறிக்கும் ஒரு வினையைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஐரோப்பியத் துறவி மடத்தில் பொன் பூசிய எழுத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் மின்னியது, அவர்கள் அப்படிச் சொன்னார்கள், சரி. தமிழ் வாசகனுக்கு ‘ஒளியூட்டிய’ என்றதும் தேர்த் திருவிழாவின் சீரியல் விளக்குதான் கண்ணில் நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பேசப்படுவது பாரசீக நூல். அந்த நூலைச் செய்தவர்கள் இந்த வேலைக்குத் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்காமல் லத்தீனைக் கேட்டு என்ன பயன்?

அவர்கள் சொல் தஸ்ஹீப். ‘தஹப்’ என்றால் அரபியில் பொன். பொன்னால் செய்யும் வேலை தஸ்ஹீப், செய்பவர் முஸஹ்ஹிப். படம் வரைவது வேறு தொழில்: தஸ்வீர், வரைபவர் முஸவ்விர். பாட்டை நஸ்தலீக் என்ற பாரசீக எழுத்துவடிவில் எழுதுபவர் இன்னொருவர். ஆங்கிலத்தின் இலுமினேட்டட் பொன்வேலையையும் படத்தையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது. அந்தச் சாக்கை அப்படியே தமிழுக்குத் தூக்கிவந்தால், ஒரு பட்டறையில் தனித்தனிப் பாயில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவோம்.

இது என் கற்பனைப் பிரிவினை இல்லை. 1488இல், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத்தில், சுல்தான் ஹுசைன் பாய்கராவுக்காக உருவான ஒரு சுவடி, பாரசீகக் கவிஞர் சாதி எழுதிய ‘பூஸ்தான்’, இன்று கெய்ரோவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. யூசுஃபை ஸுலைகா துரத்தும் காட்சி, கதவுக்குள் கதவாகப் படிக்கட்டுகள் ஏறும் அந்த மாளிகை, இந்தச் சுவடியில்தான் இருக்கிறது. வரைந்தவர் பிஹ்ஸாத். எழுதியவர் சுல்தான் அலி. தொடக்க ஏடுகளின் பொன்வேலை யாரி என்ற முஸஹ்ஹிபுடையது. ஒரு நூல், மூன்று கைகள். பிஹ்ஸாத் உலகப் புகழ் பெற்றுவிட்டார். யாரியை ஆய்வாளர்களைத் தவிர யாருக்குத் தெரியும்? நம் கலைச்சொல்லும் சேர்ந்து அவரை மறைக்க வேண்டுமா?

இன்னும் ஒரு சான்று. பைசுங்கூர் இளவரசரின் ஹெராத் பட்டறையிலிருந்து தலைமை எழுத்தர் ஜாஃபர் தப்ரீஸி அனுப்பிய வேலை அறிக்கை ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனைத் தொகுப்பேட்டில் ஒட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் முதற்பாதி. யார் எந்த நூலில் எந்த வேலையில் இருக்கிறார், எது முடிந்தது, எது பாக்கி என்று ஒப்பந்தக்காரர் கணக்குப் போல எழுதியிருக்கிறார். அமீர் கலீல் ‘குலிஸ்தான்’ சுவடியின் இரு காட்சிகளில் கடலலைக்கு வெள்ளி பூசி முடித்துவிட்டார், இனி வண்ணத்துக்குப் போவார் என்று ஒரு வரி. கவிதையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இலக்கிய ஆவணம் அது.

(இந்த வெள்ளிதான் ஒளிக்காரர்களுக்கு என் பதில். பாரசீக ஓவியங்களில் நீரோடைக்கும் குளத்துக்கும் பூசிய வெள்ளி காலப்போக்கில் கறுத்துவிட்டது. சோலை நடுவே இன்று தார் ஊற்றியது போல ஓடுகிறது.)

ஆகவே பொன். இதில் வந்த சொற்களைப் பார்க்கலாம்.

பொன்னணிச் சுவடி: காதில் இனிக்கிறது. ஆனால் பொன்னணி என்றால் நகைக்கடை.

பொன்வேய் சுவடி: தில்லையம்பலத்துக்குச் சோழர் பொன் வேய்ந்த பெருமையோடு வருகிறது. வேய்தல் என்பது கூரையை மூடுவது. தகடோ ஓடோ கீற்றோ மேலே பரப்புவது. பாரசீக வேலையில் அது நடப்பதில்லை.

பொன்ரேக்குச் சுவடி: தஞ்சாவூர் ஓவியத்தை மனத்தில் வைத்து ஒரு நண்பர் சொன்னது. இது நெருங்கி வருகிறது, ஆனால் நெருங்கித் தவறுகிறது. தஞ்சையில் ரேக்கை, அதாவது மெல்லிய பொன்தாளை, வெட்டி, சுக்கான் மாவின் மேட்டின் மீது ஒட்டுகிறார்கள். பாரசீகப் பட்டறையில் அதே ரேக்கைப் பசையோடு கிண்ணத்தில் போட்டு விரலால் தேய்த்துத் தேய்த்துத் தூளாக்கி, நீர் விட்டுக் கழுவி, அடியில் படிந்த பொன்னை மட்டும் எடுத்து, மறுபடி பசை கலந்து மையாக்குவார்கள். பிறகு தூரிகை. காய்ந்ததும் அகேட் கல்லால் மெருகு. வெள்ளி சேர்த்தால் பொன் வெளிறும், செம்பு சேர்த்தால் சிவக்கும். ஒரே தலைப்புக் கட்டத்தில் இரண்டு மூன்று நிறப் பொன் ஓடுவது அதனால்தான். பக்கத்தில் பதக்‌ஷானின் நீலக்கல்லை அரைத்த நீலம். அதாவது அங்கே பொன் ஒரு தகடு இல்லை, ஒரு வண்ணம்.

வண்ணத்தை என்ன செய்வோம்? தீட்டுவோம். என் முன்மொழிவு: பொன் தீட்டிய சுவடி.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என் மனம் முதலில் ‘பொன்னெழுது சுவடி’யிடம்தான் போயிற்று. தமிழில் எழுதுவதும் வரைவதும் ஒரே வினை. ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், தோளில் தொய்யில் எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தர்களையும் ஓவியர்களையும் பற்றி நூல் எழுதிய காஜி அஹமது, நாணற்கோலும் மயிர்த்தூரிகையும் இரண்டுமே எழுதுகோல்தான் என்கிறார். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று துள்ளினேன். பிறகுதான் உறைத்தது. எழுத்தையே பொன் மையால் எழுதும் வழக்கம் தனியாக உண்டு. நீலச் சாயம் ஏற்றிய தோலில் பொன்னெழுத்தில் எழுதிய குர்ஆன் ஏடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பொன்னெழுத்து என்ற சொல் அதற்கு வேண்டும். வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

[மடல் 13]

ஐயா,

பொன் + தீட்டு = பொற்றீட்டு. வேற்றுமையில் னகரம் வல்லினம் வந்தால் றகரமாகத் திரியும். மதுரையில் பொற்றாமரைக் குளத்தைப் பொன் தாமரைக் குளம் என்று எவரும் சொல்வதில்லை. கலைச்சொல் படைக்கிறோம் என்று இலக்கணத்தைக் காற்றில் விடுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

இன்னொன்று. தீட்டு என்ற சொல் நம் வீடுகளில் எதைக் குறிக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ‘பொன்தீட்டு’ என்று பெயர்ச்சொல்லாக்கி அருங்காட்சியகத்தில் எழுதி வைத்தால், படிப்பவர் கால் கழுவிவிட்டு வருவார்.

முலாம் என்ற சொல் வழக்கில் இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை?

[மடல் 14]

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

முலாம் உருதுவின் வழியாக வந்த சொல். ஜரிகையிலும் ‘ஸர்’ என்ற பாரசீகப் பொன் இருக்கிறது. பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையின் கரையில் பாரசீகம் படுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்நியம் என்பதற்காக நான் விலக்கவில்லை. முலாம் பூசியது என்றால் உள்ளே பித்தளை என்ற ஏளனமும் கூடவே வருகிறது. யாரி கிண்ணத்தில் தேய்த்தது உண்மையான பொன். அவருக்கு முலாம் பூச எனக்கு மனமில்லை.

தீட்டு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பெயர்ச்சொல்லாக அதைத் தனியே நிறுத்தவே கூடாது. தீட்டிய என்ற பெயரெச்சமாகவோ தீட்டல் என்ற தொழிற்பெயராகவோ மட்டும் வரட்டும். ‘வண்ணம் தீட்டிய’ என்று படிக்கும்போது யாரும் கால் கழுவப் போவதில்லை.

புணர்ச்சிக்கு வருகிறேன். பொற்றாமரை ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தால் நிற்கிறது. பொற்றீட்டல் என்று புதிதாக எழுதினால் பொன்னும் தெரியாது, தீட்டலும் தெரியாது. புதுச்சொல்லுக்கு முதல் பத்து ஆண்டாவது உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். பிரித்து எழுதுவோம். ஊர் ஏற்றுக்கொண்ட பிறகு தாங்களே புணர்த்திக் கொடுங்கள்.

[மடல் 15]

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. கட்டுரையில் இதைப் பொருத்திப் பார்த்தபோது இரண்டு இடங்களில் முட்டியது.

ஒன்று, ‘இல்லஸ்ட்ரேட்டட்’ வரும் இடத்தில் ஓவியச் சுவடி என்று எழுதியிருந்தேன். என் தோழி படித்துவிட்டு, ‘ஓவியம் வரையக் கற்றுத்தரும் சுவடியா?’ என்று கேட்டாள்.

இரண்டு, மினியேச்சர் என்பதற்குச் சிற்றோவியம் என்று எழுதலாமா?

[மடல் 16]

தங்கை,

உன் தோழிக்கு ஒரு கும்பிடு. மருத்துவச் சுவடி, சோதிடச் சுவடி, கணக்குச் சுவடி என்று சொல்லிப் பழகிய மொழியில் ஓவியச் சுவடி அப்படித்தான் பொருள்படும். இத்தனை பேர் இருந்தும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. விடையும் அதிலேயே இருக்கிறது. ஓவியம் தீட்டிய சுவடி. பொன் தீட்டிய சுவடி. இரண்டும் உள்ளதற்குப் பொன்னும் ஓவியமும் தீட்டிய சுவடி. ஆங்கிலம் குழப்பியதை ஓர் உம்மை பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

சிற்றோவியம் தாராளமாக எழுது. ஐரோப்பியச் சொல்லின் வேர் ‘மினியம்’ என்ற ஈயச் செந்தூரம். சிறுமைக்கும் அதற்கும் முதலில் உறவில்லை. பிற்காலத்தில் கேட்டவர்கள் சிறியது என்று புரிந்துகொண்டார்கள், பொருளும் அப்படியே நிலைத்தது. வேரைப் பார்த்து நாம் ‘செந்தூர ஓவியம்’ என்று கிளம்பினால், ஒளியூட்டியவர்கள் செய்த அதே பிழையை நானும் செய்தவனாவேன்.

உன் ஷாநாமாவில் 759 ஏடுகள், அவற்றில் ஓவியங்கள் 258. 1568இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாகப் போய், இஸ்தான்புல்லில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, 1959இல் ஆர்தர் ஹவ்டன் என்ற அமெரிக்கர் வாங்கி, நூலின் கட்டை அவிழ்த்து ஏடுகளைப் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு. பல ஒவ்வொன்றாக ஏலத்துக்கு. மிஞ்சிய 118 ஓவியங்களும் எழுத்து ஏடுகளும் அட்டையும் 1994இல் அமெரிக்க ஓவியர் டி கூனிங் வரைந்த ஒரு பெண்ணின் ஓவியத்துக்குப் பண்டமாற்றாக ஈரானுக்குத் திரும்பின. 2011இல் லண்டன் ஏலத்தில் ஒரே ஓர் ஏடு 74 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. அதில் படம் இருந்தது.

இந்த வரலாற்றுக்காகவாவது நாம் இரண்டு சொற்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுவடியில் படமில்லாத ஏடுகளே பெரும்பான்மை. அவற்றின் ஓரங்களிலும் பொன்தூள் தூவியிருக்கிறார்கள். பாட்டின் பத்திகளுக்கு நடுவே பொன்கோடு ஓடுகிறது. நூலைப் பிரித்தவர்களுக்கு ஓவியம் தீட்டிய ஏடு கண்ணில் பட்டது, பொன் மட்டும் தீட்டிய ஏடு கட்டாகத் தங்கிவிட்டது.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷம்ஸா, முதல் ஏட்டில் வரும் கதிர் வீசும் வட்டம்: ஷம்ஸ் என்றால் ஞாயிறு, எனவே கதிர்வட்டம். சர்லவ்ஹ், தொடக்கத்தின் மேற்கட்டம்: முகப்பணி. முரக்கா என்பது தொகுப்பேடு. நேர்ப்பொருள் ஒட்டுப்போட்டது, சூஃபிகளின் ஒட்டுத்துணி அங்கிக்கும் அதே பெயர்தான். கிதாப்கானாவை நூலகம் என்று மட்டும் எழுதிவிடாதே. நூலைச் செய்ததும் அங்கேதான். நூற்பட்டறை என்று எழுது. ஜத்வல் என்ற பலவண்ணக் கட்டக்கோட்டுக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. அதில் பச்சைக்குப் போட்ட செம்புக் களிம்பு காகிதத்தை அரித்து, சில ஏடுகளில் நடுப்பகுதி கட்டத்தோடு கழன்று விழுந்துவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். புலவர் ஐயா மனது வைத்தால் சொல் கிடைக்கும்.

உன் வரியை இப்படிப் போடலாம்: ‘ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸில் உருவான ஷாநாமா, பொன்னும் ஓவியமும் தீட்டிய சுவடிகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்று.’

முஸஹ்ஹிபுக்குப் பொன் தீட்டுநர். பொற்கொல்லர் என்று மட்டும் யாரும் திருத்திவிடாமல் பார்த்துக்கொள். மெய்ப்புத் திருத்துபவர்கள் செய்யக்கூடியவர்கள்.