‘ஜியோரெஃபரன்சிங்’ தமிழில்: நிலம்பொருத்தல், முளை

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ‘ஜியோரெஃபரன்சிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதியதற்கு மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் வைத்துக் கையேட்டின் இரண்டாம் பாடத்தைத் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். சொல் பட்டியலில் நன்றாகத் தெரிந்தாலும், பத்து வாக்கியத்தில் போட்டு எழுதும்போதுதான் அது நிற்குமா என்று தெரிகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். பழைய சர்வே தாள்களை வைத்துச் சொந்த ஊரின், குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட தாள்கள்தான் அதற்கு முதன்மையான ஆதாரம். ஸ்கேன் செய்த தாள் கணினியைப் பொறுத்தவரை வெறும் படம். அதிலுள்ள கிணறும் கோயிலும் இன்றைய பூமியில் எங்கே என்று கணினிக்குத் தெரியாது. தாளில் சில புள்ளிகளைக் குறித்து, அவை தரையில் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்தால், தாள் முழுவதும் தன் இடத்தில் போய் உட்காரும். அந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> புவிசார் குறியிடல்

‘புவிசார் குறியீடு’ என்பது மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்த பெயர். செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் அது பழகிவிட்டது. ‘இந்தத் தாளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாயிற்று’ என்று எழுதினால் படிப்பவர் வேறெங்கோ போய்விடுவார். இதை விட்டுவிடலாம்.

> புவிமேற்கோளிடல்

மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்துக்காட்டுவது. ஆங்கிலச் சொல்லின் பின்பாதியை மட்டும் அகராதியில் பார்த்து மாற்றியதுபோல் இருக்கிறது. இந்த வேலையில் யாரும் யாரையும் மேற்கோள் காட்டவில்லை.

> ஆயத்தொலைவேற்றம்

மூன்றில் இதுதான் நேரான பொருள் தருகிறது, குறை சொல்ல மனமில்லை. ஆனாலும் ஆயத்தொலைவு, அதாவது ஓர் இடத்தைச் சுட்டும் எண்கள், இந்த வேலையின் முடிவில் கிடைப்பது. கை செய்கிற காரியம் வேறு. அந்தக் காரியத்தைச் சொல்லும் வினை ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) பிறந்த ஊர் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1925இல் தொடங்கிய அணை வேலை 1934இல் முடிந்தது. காவிரிக்கரை ஊர்கள் பல காலி செய்யப்பட்டுத் தண்ணீருக்குள் போயின. அம்மாயிக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அம்மாயி கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆனால் ‘நம்ம ஊரு இந்தக் கோபுரத்துக்கு எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் கையை அகலமாக வீசிக் காட்டுவாரே தவிர, இடம் சொல்ல முடிந்ததில்லை. சேறும் தண்ணீரும் கிடக்கிற இடத்தில் எப்படிச் சொல்வது?

அணைக்கு முந்தைய அளவையில் அச்சான தாள் எனக்குக் கிடைத்தது. அணை நிற்கும் இடம் 58-இ/13 என்ற தாளில் வரும். 58 என்பது நான்கு பாகைக்கு (டிகிரி) நான்கு பாகை உள்ள பெரிய சதுரம். ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு ஆங்கில எழுத்துகளால் அதைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாக வெட்டினால் கிடைப்பது பதினைந்து கலைக்குப் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) பதினைந்து கலை உள்ள ஓர் அங்குலத் தாள். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் எந்த ஊரின் தாள் எண்ணையும் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். மதுரை நகரத்துக்கு 58-கே/1.

அந்தத் தாளில் நீர்த்தேக்கம் இல்லை. காவிரி மட்டும் போகிறது. கரையோரம் ஊர்ப்பெயர்கள், கிணறுகள், கோயில் குறி, புள்ளிக்கோடாக வண்டித்தடங்கள். சம உயரக் கோடுகள் 50 அடிக்கு ஒன்றாக ஓடுகின்றன. அணை நிரம்பினால் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடி. அப்படியானால் 750க்கும் 800க்கும் இடையில், 800ஐ ஒட்டினாற்போல் எங்கேயோதான் இன்றைய கரை. பென்சிலை எடுத்து 800 அடிக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். அதற்கு ஆற்றுப்பக்கமாகக் கிடந்த ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்க வாசிக்கத் தொண்டை அடைத்தது. அம்மாயி சொன்ன பெயர் ஐந்தாவதாக வந்தது.

சரி, தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போடலாம் என்று கணினியில் ஏற்றினேன். நான்கு மூலைகளிலும் பாகையும் கலையும் அச்சிட்டிருக்கிறதே, அது போதும் என்று அந்த நான்கை மட்டும் கொடுத்தேன். உட்கார்ந்தது, ஆனால் சரியாக இல்லை. இன்று கரையில் வந்து முடிகிற ஒரு மண்சாலைக்கும் பழைய தாளின் வண்டித்தடத்துக்கும் நடுவில் இருநூறு மீட்டர் இடைவெளி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, ‘தடம் இங்க, கோடு அங்க. பொருந்தலியேடா’ என்றார்.

காரணம் தாளில் இல்லை, என்னிடம்தான். அந்தக் காலத் தாள்கள் எவரெஸ்ட் பெயரில் வழங்கும் புவி வடிவக் கணக்கை வைத்து வரையப்பட்டவை. இன்றைய செயற்கைக்கோள் படங்களின் கணக்கு வேறு. மூலையில் இருக்கிற எண்ணை அப்படியே கொடுத்தால் தமிழ்நாட்டுப் பக்கம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளித்தான் விழும். இன்னும் பழைய தாள்களில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைப் பழைய மதிப்பில் வைத்திருப்பார்கள். அங்கே கலைக்கணக்கிலேயே திருத்தம் வரும், அதாவது கிலோமீட்டர் கணக்கில். இதெல்லாம் போக, காகிதம் வேறு ஒரு பக்கம் சுருங்கும், ஒரு பக்கம் நீளும்.

கணக்கைத் திருத்திவிட்டு, அசையாத இடங்களைத் தேடினேன். அணையை ஒட்டிய சீதாமலை முகடு ஒன்று. மேச்சேரி பத்ரகாளியம்மன் கோயில் ஒன்று. தண்ணீர் தொடாத மேட்டில் இரண்டு சாலைக்கூட்டுகள். ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஒரு சாலைக்கூட்டு பிசகியது, ரோட்டை அகலப்படுத்தும்போது நகர்ந்திருக்கும்போல. அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் குத்தினேன். ஆறாவது குத்தும்போது மண்சாலையும் வண்டித்தடமும் ஒரே கோடாகிவிட்டன. கரையில் முடிந்த சாலை நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி, ஊருக்குள் போயிற்று. பெரியம்மா திரையில் விரலை வைத்து அந்தத் தடத்திலேயே நடத்திக்கொண்டு போனார். ‘இப்பப் பொருந்துது’ என்றார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எனக்குச் சொல் அங்கே கிடைத்தது. படத்தை நிலத்தோடு பொருத்துகிறோம். எனவே நிலம்பொருத்தல்.

கையேட்டில் போட்டுப் பார்த்தேன். ‘தாளை நிலம்பொருத்தி அனுப்புங்கள்’, ‘நிலம்பொருத்திய படம்’, ‘இது இன்னும் நிலம்பொருத்தாத படம்’, ‘நிலம் பொருந்தவில்லை’. வினையாக, எச்சமாக, எதிர்மறையாக எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. பொருத்துவது நாம், பொருந்துவது படம் என்று தன்வினை பிறவினை இரண்டும் ஒரே வேரில் கிடைப்பது பெரிய வசதி. ‘ஆயத்தொலைவேற்றம்’ என்பதிலும் ஏறு, ஏற்று உண்டுதான், ஆனால் அது இவ்வளவு எளிதாக வளையாது.

அடுத்தது, நாம் குத்துகிற அந்தப் புள்ளிகள். ‘கட்டுப்பாட்டுப் புள்ளி’ என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது யாரோ யாரையோ அடக்கிவைப்பதுபோல இருக்கிறது. வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போது நான்கு பக்கமும் முளை அடித்துத்தானே கயிறு கட்டுகிறோம்? நிலம் அளக்கும்போதும் முளைதான். அதனால் முளை, அல்லது தெளிவுக்காக முளைப்புள்ளி. ‘தாளைப் பொருத்தும் கணக்குக்கு நேர்ச்சமன்பாடு போதுமென்றால் மூன்று முளை, இருபடி என்றால் ஆறு முளை, ஆனால் எதற்கும் கூடுதலாக அடித்துவையுங்கள்’ என்று எழுதும்போது ஒரு மேஸ்திரிக்குக்கூடப் புரிகிறது.

மேடு பள்ளம், ஆறு, ஊர் எல்லாம் காட்டும் இப்படிப்பட்ட தாளுக்கு (டோபோகிராஃபிக் மேப்) இடவிளக்கப்படம் என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. இலங்கை மாணவர்கள் பள்ளியிலேயே அதைப் படித்து வருகிறார்கள். நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

— சேலத்திலிருந்து

*

தம்பிக்கு,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நிலம்பொருத்தல் எனக்குச் சம்மதம். ‘நிலம்’ என்றதும் பட்டா நிலம் ஞாபகம் வருமே என்று முதலில் தயங்கினேன். ‘தரைபொருத்தல்’ என்று சொல்லிப் பார்த்தேன். அது வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுவதுபோல இருக்கிறது. உங்களுடையதே இருக்கட்டும்.

முளையில்தான் எனக்குத் தடை. எங்கள் வேலையில் முளையும் கல்லும் வேறு வேறு. முளை தற்காலிகம். அளவைச் சங்கிலி பிடிக்கும்போது அடிப்போம், வேலை முடிந்ததும் பிடுங்கிவிடுவோம். கல்தான் நிற்கும். எல்லைத் தகராறு என்று வந்தால் முளையைக் காட்டி யாரும் பேச முடியாது, கல்லைக் காட்டித்தான் பேச வேண்டும். மேச்சேரிக் கோயிலும் சீதாமலையும் அசையாத இடங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அசையாததை முளை என்பது எப்படி? ‘நிலைக்கல்’ என்று சொன்னால் என்ன?

எங்கள் பக்கத்தில் மலையே கிடையாது என்பதையும் யோசியுங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலைப் பக்கம் முதல் கோட்டை (அடிக்கோடு) அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவை தஞ்சாவூருக்கு வந்தபோது, ஏறி நின்று பார்க்கக் கோயில் கோபுரங்களைத்தான் பிடித்தார்கள். 1808இல் பெரிய கோயிலின் மேல் கோணம் அளக்கும் கனத்த கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சேதமானதும், லாம்டன் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்ததும் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்றைக்கும் காவிரிப்படுகையில் பழைய தாளைப் பொருத்த வேண்டுமென்றால் முதலில் கோபுரங்களைத்தான் தேட வேண்டும். ஆறுகளையும் வாய்க்கால்களையும் நம்பாதீர்கள், அவை இடம் மாறும்.

இன்னொன்று. ஓர் அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். அதில் ஊரைத் தேடலாம், ஓடையைத் தேடலாம். வீட்டைத் தேடக் கூடாது. பாட்டன் வீட்டு மனையைத் தேடுகிறவர் மைலுக்கு பதினாறு அங்குலக் கிராம வரைபடத்துக்குத்தான் போக வேண்டும். அதில் பாகை, கலை எதுவும் இருக்காது. மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல்லை வயலில் இறங்கித் தேடிப் பிடித்துத்தான் அதைப் பொருத்த முடியும். அதனால்தான் கல் என்கிறேன். கையேட்டில் இதைத் தனியாக எழுதுங்கள்.

— தஞ்சாவூரிலிருந்து

*

ஐயா,

மிக்க நன்றி. கிராம வரைபடத்துக்குத் தனிப் பாடமே எழுதப்போகிறேன். எங்கள் வீட்டில் தாய்ப்பத்திரம் ஒன்று இருக்கிறது. அதன் நான்கெல்லை விவரத்தில் ‘வண்டித்தடத்துக்குக் கிழக்கு, ஓடைக்கு மேற்கு’ என்று வருகிறது. ஓர் அங்குலத் தாளில் தடத்துக்கும் ஓடைக்கும் நடுவில் இருப்பது ஒரு நகக்கண் அகலம். அதற்குள் எந்த மனை எங்கள் மனை என்று தாள் சொல்லாது என்பதை நானும் உணர்ந்தேன். மடலில் அதை ஏன் எழுதவில்லை என்றால், ஆர்வத்தில் மறந்துவிட்டேன்.

முளை, கல் வேறுபாடு எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன பிறகு யோசித்தால், நமக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது. மேச்சேரிக் கோயில் தரையில் நிற்கிறது, அது அசையாது. அதைப் பார்த்துத் திரையில் நான் குத்துகிற புள்ளி அசையும். அந்தச் சாலைக்கூட்டில் குத்தியது பிசகியதும் பிடுங்கி வேறிடத்தில் அடித்தேன் அல்லவா? நீங்கள் சங்கிலி பிடித்தபோது செய்தது அதேதான். எனவே தரையில் உள்ளதை நிலைக்கல் என்போம், அது கோபுரமாக இருந்தாலும் மலை முகடாக இருந்தாலும் சரி. திரையில் குத்துவது முளை. ‘நல்ல நிலைக்கல்லாகப் பார்த்து முளை அடியுங்கள்’ என்று எழுதினால் இரண்டு வேலையும் பிரிந்து தெரிகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.

கோபுரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே கையேட்டில் சேர்க்க அனுமதி வேண்டும். பண்ணவாடித் தேவாலயக் கோபுரத்தை நிலைக்கல்லாக எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். தண்ணீர் இறங்கியபோது எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அது தெரிந்தால், ஊருக்கு மிக அருகில் இருக்கும் நிலைக்கல் அதுவாகத்தான் இருக்கும். பெரியம்மாவிடம் சொன்னேன். அடுத்த முறை தண்ணீர் இறங்கும்போது கைப்பேசியில் ஜிபிஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு கோபுரத்தடியில் நிற்க அவரும் வருகிறாராம்.

— சேலத்திலிருந்து