புதுப்பிப்பு: ஆட்டுக்குட்டியைக் கடித்த நாய்

அயல்வீட்டு நாய் எங்கள் வளவுக்குள் வந்து ஆட்டுக்குட்டியைக் கடித்துக் கொன்றதைப் பற்றி, யார் பொறுப்பு என்று முன்பு கேட்டிருந்தேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் மல்லாவிப் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

நாய்க்கார அண்ணை தானாகவே வந்து குட்டியின் காசைத் தந்துவிட்டார். இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் ரோமன் டச்சுச் சட்டப்படியும் வளர்ப்பு விலங்கு செய்யும் சேதத்துக்கு உரிமையாளர்தான் பொறுப்பு. நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஊரில் பதிந்தவரைக் காண்பது அரிது.

எனக்குப் பெரிய பயம் விசர்நோய் (ரேபிஸ்) தான். குட்டியை இழுத்தெடுக்கும்போது தம்பியின் கையில் பல் கீறிவிட்டது. சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள், அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. அண்ணை கூரைத்தடியில் செருகியிருந்த நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினார்; இந்த வருட ஊசி போட்டிருந்தது. நாயும் இன்றுவரை சுகமாக நிற்கிறது.

பூனைக்கும் ஊசி வேண்டும், அதுவும் விசர்நோயைக் கடத்தும். பெட்டை நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளைச் சந்தையடியில் விடுவதை நிறுத்தி, கருத்தடை செய்விப்போம். அண்ணை இப்போது வேலிப் பொட்டுகளை அடைக்கிறார், நானும் கம்பி கொடுத்திருக்கிறேன்.