புதுப்பிப்பு: கத்திரி வெயிலில் சோலார் யூனிட் ஏன் கூடவில்லை?

சென்னையில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று முன்பு எழுதியிருந்தேன். "அப்படியானால் மே மாதம் எகிற வேண்டாமா?" என்று பலர் கேட்டீர்கள். எகிறாது. பேனலில் உள்ள சிலிக்கானில் எலக்ட்ரான்களைக் கிளப்பி மின்சாரம் தருவது வெளிச்சம். சூடு வோல்டேஜைக் குறைக்கத்தான் செய்யும். பேனலில் போட்டிருக்கும் வாட் கணக்கு, அதன் செல்கள் (மின்சாரம் தரும் சிலிக்கான் வில்லைகள்) 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மதியம் செல் 65 டிகிரியைத் தொடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்றால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. அதனால் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் போட விடாதீர்கள். கடல்காற்று அடியில் புகுந்து போக இடம் வேண்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காத அழுக்குக் கோடு. சாய்வு 5 டிகிரிதான் என்றால் தண்ணீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கிக் காயும். விரல் அகலத்துக்குச் சேறு படியும். பேனல் நெட்டுவாக்கில் நின்றால் அந்தக் கோடு கடைசி வரிசை செல்கள் எல்லாவற்றின் அடிப்பகுதியையும் மறைக்கும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை என்பதால், அங்கே குறையும் மின்னோட்டம் மற்ற செல்களையும் இழுத்துப் பிடிக்கும். தெற்கு பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு வையுங்கள், மழையே கழுவிவிடும்.

முன்பு சொல்லாமல் விட்டது: போர் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறை கண்ணாடியில் ஏறும். மெட்ரோ தண்ணீர், மெல்லிய துணி, காலை 7 மணிக்குள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

கரண்ட் போனால், பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு ஓடும் சோலார் இன்வெர்ட்டரும் (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) நிற்பது பழுதல்ல. பேனலின் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போய்விடாமல், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் பாதுகாப்பு அது.