மறு: மறு: ப்ரீக்வெலுக்கு ஒரு தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

சு.ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் திரைப்பட ரசனை என்று ஒரு விருப்பப்பாடம் எடுக்கிறேன். தமிழ்வழிப் பிள்ளைகள். அறிவியல் புனைவு அலகுக்கு ரிட்லி ஸ்காட்டின் இரண்டு படங்கள்: 1979இல் வந்த ஏலியன், 2012இல் வந்த ப்ரொமீதியஸ். முதல் படம் நடப்பது 2122இல். முப்பது வருடம் கழித்து எடுத்த படம் நடப்பதோ 2093இல். இப்படிப் பின்னால் எடுத்து முன்னால் ஒட்டும் படத்துக்குப் பாடக்குறிப்பில் ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

'முன்கதை' என்று போட்டு வைத்திருந்தேன். வகுப்பில் ஒரு பெண், "மிஸ், அம்மா படிக்கிற தொடர்கதையில முன்கதைச் சுருக்கம்னு வருமே, அதுவா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. தேர்வுக் கேள்வி இதுதான்: "ஒரு ______ என்ற வகையில் ப்ரொமீதியஸின் நிறைகுறைகளை ஆராய்க." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.

கா. எழுதியது:

அக்கா, முன்கதையே இருக்கட்டும். நான் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவன். படிப்பதற்குள் அடுத்த வரி வந்து நிற்கும். நான்கெழுத்தில் ஒரு சொல் கிடைத்தால் கும்பிட்டு எடுத்துக்கொள்வேன்.

விஷயம் நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லை. ப்ரொமீதியஸ் ஜூனில் வந்தது, அதே 2012 ஜூலையில் பில்லா 2 வந்தது. 2007 படத்தின் டேவிட் பில்லா எப்படி உருவானான் என்ற கதை. போஸ்டரில் இரண்டு என்று போட்டுவிட்டு ஒன்றுக்கு முந்தைய கதையைக் காட்டினார்கள். தியேட்டரில் யாரும் இலக்கணம் கேட்கவில்லை. (இரண்டு படத்திலும் டேவிட் என்று ஒருவன் இருப்பது தற்செயல்.)

நிறைகுறை என்று கேட்டால் பிள்ளைகள் குறையை எழுதித் தள்ளுவார்கள், இணையத்தில் அதுதான் கொட்டிக் கிடக்கிறது. தொடக்கத்தில் ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவி மேல் ஒருவன் நின்று கறுப்புத் திரவத்தைக் குடித்துச் சிதறுகிறானே, ஒரு வசனமும் இல்லாமல், அதையும் எழுதச் சொல்லுங்கள். மனிதரைப் படைத்தவர்களைத் தேடிப் போகும் விண்கப்பலில், மற்றவர்கள் தூங்கும்போது, டேவிட் என்ற இயந்திர மனிதன் தனியாக 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பார்த்துவிட்டு, அதில் நடித்த பீட்டர் ஓ'டூல் போலத் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்வதையும். டேவிடாக வரும் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் ப்ரொமீதியஸையே தோளில் சுமக்கிறார்.

வே.ந. எழுதியது:

அம்மையீர், 'முன்கதை' புணர்ச்சிப் பிழை. முன் + பகல் முற்பகல். முன் + பிறப்பு முற்பிறப்பு. முன் + காலம் முற்காலம். ஆகவே முன் + கதை முற்கதை. முன்கை, முன்கால் என்பவை இடம் குறித்தவை, அங்கே னகரம் திரியாது. காலம் குறித்தால் திரியும். முற்கதை என்று போட்டால் தொடர்கதைச் சுருக்கத்தோடும் மயங்காது.

பிரொமீத்தியசு (மெய்யெழுத்தில் சொல்லைத் தொடங்கும் வழக்கம் எனக்கில்லை) நானும் பார்த்தேன், பேரன் போட்டுக் காட்டினான். ஒரு நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்துக்கும் ஒரே படத்தில் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குகையை அளக்கும் பறக்கும் கருவிகளை விட்டு வரைபடம் எடுத்தவனே வழி தெரியாமல் தொலைகிறான்: மாறுகொளக் கூறல் (முன்னுக்குப்பின் முரண்). உயிரியல் அறிஞன் ஒருவன், போய்ச் சேர்ந்த இடத்தில் முதன்முதலாகக் கண்ட பாம்பு போன்ற உயிரை நாய்க்குட்டியைப் போலக் கொஞ்சப் போய்ச் சாகிறான்: வெற்றெனத் தொடுத்தல் (பொருளற்றதை அடுக்குதல்). வட்டமான கப்பல் உருண்டு வருகிறது, ஒருத்தி அது உருளும் திசையிலேயே நேராக ஓடி நசுங்குகிறாள். இதற்கு நன்னூலாரிடமும் பெயரில்லை. படம் முடிவதோ சென்றுதேய்ந்திறுதல் (போகப்போகத் தேய்ந்து முடிதல்).

கா. எழுதியது:

ஐயா, முன்பனிக்காலம்? சங்க காலத்திலிருந்தே காலம்தான், னகரம் அப்படியே இருக்கிறது. முன்பணமும் காலம்தான், நீங்கள் யாருக்கும் முற்பணம் கொடுத்ததில்லையா?

பத்துக் குற்றம் சொன்ன நன்னூல்தான் முப்பத்திரண்டு உத்தியும் சொல்கிறது. கடைசி உத்தி உய்த்துணர வைப்பு, சொல்லாமல் விட்டு நாமே ஊகிக்க வைப்பது. அந்த அறுவைசிகிச்சைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி எலிசபெத் ஷா வயிற்றில் ஏதோ வளர்கிறது, ஓடிப்போய்ப் பெட்டியில் ஏறினால் "ஆண் நோயாளிகளுக்கு மட்டும்" என்கிறது. பெட்டி இருப்பதோ விக்கர்ஸ் என்ற பெண்ணின் அறையில். ஓட்டை என்று எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில், செத்துப்போனதாகச் சொன்ன முதலாளி வேலண்ட் அதே கப்பலில் ஒளிந்திருப்பது தெரிகிறது. பெட்டி அந்தக் கிழவருக்காக வைத்தது! யாரும் வாய் திறந்து விளக்கவில்லை. இது உய்த்துணர வைப்பா, குன்றக் கூறல் (சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லும் குற்றம்) ஆகுமா?

வே.ந. எழுதியது:

முற்பணம் என்றும் எழுதுவதுண்டு, தம்பி. நான் எழுதுகிறேன். ஒரு பெட்டியை உய்த்துணர்ந்தேன், ஒப்புக்கொள்கிறேன். உருண்டு வந்த கப்பலை உய்த்துணர முடியவில்லை.

ப. எழுதியது:

வணக்கம், டொரொண்டோவிலிருந்து. எங்கட பக்கம் கதை என்றால் பேச்சும்தான். 'முன்கதை' என்று என்ர தகப்பனிட்டச் சொன்னால் முந்திக் கதைச்ச விஷயம் என்று நினைப்பார். முன்கதையோ முற்கதையோ, இரண்டும் சரிவராது. 'படம்' என்ற சொல் சேர வேணும்.

படத்தைப் பற்றி ஒன்று. டேவிட் பயணம் முழுக்க ஒரு பழைய மொழி படிக்கிறது. தொல் இந்தோ-ஐரோப்பியம், இங்கிலீஷ், ஹிந்தி மாதிரி மொழிகளுக்கெல்லாம் மூலம் என்று அறிஞர் ஊகிக்கிற மொழி. 1868இல் ஷ்லைக்கர் என்ற ஜெர்மன் அறிஞர் அந்த மொழியை மீட்டெடுத்து எழுதிப் பார்த்த 'செம்மறியாடும் குதிரைகளும்' கதையைத்தான் பாடமாகச் சொல்லுது. திரைக்குள் இருந்து சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனில் பில்ட்டூ என்ற உண்மையான மொழியியலாளர். கவனமாகத்தான் செய்திருக்கினம். ஆனால் யோசியுங்கோ: மனிசரை உண்டாக்கினவையின்ர இடத்துக்கு வழிகாட்டுற நட்சத்திர வரைபடம் கிடைத்த பண்பாடுகள் எகிப்து, மாயா, சுமேரியா, பாபிலோன், ஹவாய். இதில ஒன்றுகூட இந்தோ-ஐரோப்பிய மொழி பேசின இனம் இல்லை! அதே வரைபடம் உள்ள ஸ்கொட்லாந்தின்ர ஸ்கை தீவுக் குகை ஓவியத்துக்கு 35,000 வருஷம் என்கினம். தொல் இந்தோ-ஐரோப்பியத்துக்கு ஏறத்தாழ 6,000 வருஷம்தான் சொல்லுறவை. மனிசரை உண்டாக்கினவையோட பேச அந்த மொழி எப்படிச் சரிவரும்? என்னைக் கேட்டால் இதுதான் படத்தின்ர பெரிய ஓட்டை. கப்பல் உருளுறது சின்ன விஷயம்.

வே.ந. எழுதியது:

டொரொண்டோ நண்பர் வாயில் சர்க்கரை. ஷ்லைக்கர் அந்தக் கதை எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, 1856இல், கால்டுவெல் திராவிட ஒப்பிலக்கணம் அச்சாகிவிட்டது. 2093இல் அந்த இயந்திரத்துக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

இருக்கட்டும், சொல்லுக்கு வருகிறேன். முனை, முகம், மூக்கு, முகடு, முளை எல்லாம் நீண்டு முன்னே நிற்பவை. முல் என்னும் அடி. ஆக, 'முன்' முதலில் இடம், காலம் பிறகு ஏறிக்கொண்டது. வீட்டுக்கு முன்னால் இருப்பது இல்முன். அது மாறி முன்றில் ஆயிற்று. இலக்கணப்போலி, எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அதே முறையில் கதைமுன் என்பது முன்கதை ஆகலாம். தம்பியின் சொல்லுக்கு நானே இலக்கணம் தேடிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் அதை ஏற்கவில்லை. என் முடிவு வேறு.

பாயிரப்படம்.

சிரிக்க வேண்டாம். "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே." சிறப்புப்பாயிரம் எப்போது எழுதப்படுகிறது? நூல் முடிந்த பிறகு. எங்கே வைக்கப்படுகிறது? நூலுக்கு முன்னால். பின்னால் செய்து முன்னால் ஒட்டுவது என்று அம்மையார் சொன்ன இலக்கணம் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. உலகில் வேறெந்த மொழியிலும் இந்தக் கருத்துக்கு இப்படி ஒரு பழஞ்சொல் இராது.

தெ. எழுதியது:

அழகான வாதம், ஐயா. ஆனால் பாயிரம் நூலை அறிமுகப்படுத்தும், கதையை நீட்டாது. அதோடு சிறப்புப்பாயிரத்தை ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணாக்கரோ உரைகாரரோ எழுத வேண்டும், நூலாசிரியர் தானே எழுதக் கூடாது. தான்தற் புகழ்தல் தகுதி அன்றே. இங்கே நடந்தது தலைகீழ். 1986இல் கேமரன், 1992இல் ஃபிஞ்சர், 1997இல் ழெனே என்று மற்றவர்கள் ஆளுக்கொரு தொடர்ச்சி எடுத்து முடித்த பிறகு, முதல் நூலாசிரியரே திரும்பி வந்து பாயிரம் பாடினார். உங்கள் இலக்கணப்படியே அது தகாது.

தகவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஏலியனில் மூவர் அந்த விழுந்த கப்பலுக்குள் போவார்களே, பிரம்மாண்டமான நாற்காலியில் கல்லாகிப்போன ஒரு மாலுமி. நாற்காலியிலிருந்தே முளைத்தது போல, நெஞ்சு உள்ளிருந்து வெடித்து. ஓவியர் கீகர் வரைந்த கோலம் அது. அந்த உருவம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தன் பிள்ளைகளுக்குச் சின்ன விண்வெளி உடை மாட்டி அந்த இடத்தில் நடக்கவிட்டார். எந்த இனம், எங்கே போனது, ஒரு வார்த்தை விளக்கமில்லை. முப்பது வருடம் அதை நினைத்து நினைத்துப் பயந்தோம். ப்ரொமீதியஸ் வந்து, "அது ஒன்றுமில்லை, கவசம், கழற்றினால் உள்ளே வெளுத்த தோலோடு ஓர் ஆள்" என்று சொல்லிவிட்டது. தும்பிக்கை என்று நினைத்தது தலைக்கவசத்தின் குழாயாம். உய்த்துணர வைத்ததை உரைத்துக் காட்டியது குற்றமா உத்தியா? கருவிகளும் அப்படித்தான். 2093 கப்பலில் காற்றில் மிதக்கும் ஒளிப்படம், 2122 கப்பலில் பச்சை எழுத்துத் திரை.

கா. எழுதியது:

கடைசிக் குறையை மட்டும் விட்டுவிடுங்கள். ப்ரொமீதியஸ் பெரும் பணக்காரன் தனக்காகக் கட்டிய கப்பல். ஏலியனில் வரும் நாஸ்ட்ரோமோ சரக்கு இழுக்கும் வண்டி. சொகுசு காரில் இருப்பதெல்லாம் முப்பது வருடம் கழித்து வரும் மணல் லாரியிலும் இருக்குமா? மாலுமி விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், எனக்கும் வலித்தது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? 1979 படத்தில் அந்த விழுந்த கப்பல் கிடப்பது எல்வி-426 என்ற துணைக்கோளில். 2012 படம் நடப்பது எல்வி-223இல். இடமே வேறு. கடைசியில் பிறக்கும் பிராணியும் அந்தப் பழைய பிராணி அல்ல. நேராகக் கொண்டுபோய் ஏலியன் வாசலில் விடவில்லை. அப்படியானால் இது ப்ரீக்வெல் தானா?

சு.ம. எழுதியது:

தம்பி, வியாழக்கிழமை ஆகிவிட்டது.

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பர்களே, மற்றொன்று விரித்தல் என்ற குற்றத்துக்கும் இப்போது எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. பழம்பிறப்புப் படம் என்று ஒருவர் மணிமேகலையிலிருந்தும், பூர்வகதை என்று இன்னொருவரும் எனக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறார்கள். முந்தொடரி என்றும் வந்தது. தொடரி என்றால் ரயில் என்று ஏற்கெனவே ஒரு கூட்டம் எழுதிக்கொண்டிருக்கிறது, ஆகவே அதை நானே ஒதுக்குகிறேன். இன்றிரவுக்குள் ஆளுக்கொரு வரி. காரணம் வேண்டாம், சொல் மட்டும்.

தெ.: முன்கதைப்படம்.

கா.: முன்கதை. படம் சேர்த்தால் எழுத்து கூடுகிறது, பரவாயில்லை, முன்கதைப்படம்.

ப.: முன்கதைப்படம். படம் என்று கேட்டது நான்தான்.

வே.ந.: பாயிரப்படம். காரணம் வேண்டாம் என்றதால் ஒரு முன்னோடியை மட்டும் சொல்கிறேன். இராவணனின் பழங்கதையை அகத்தியர் இராமனுக்குச் சொல்வது உத்தர காண்டத்தில். நிகழ்ச்சியில் முந்தியது, நூலில் கடைசி, பெயரோ 'உத்தரம்', அதாவது பின்னது. அதைச் செய்தவர்கள் எடுத்த வரிசையைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள், கதை வரிசையைப் பார்த்து அல்ல. நீங்கள் அத்தனை பேரும் கதை வரிசையையே பார்க்கிறீர்கள்.

தெ. எழுதியது:

ஐயா சொன்ன உத்தர காண்டம் உறைக்கிறது. முன்பே சொல்லியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். இப்போது நேரமில்லை.

சு.ம. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேள்வி இப்படிப் போகிறது: "ஒரு முன்கதைப்படம் (ஏற்கெனவே வந்த படத்தின் கதைக்கு முன் நடந்ததைச் சொல்லும் படம்) என்ற வகையில் ப்ரொமீதியஸின் நிறைகுறைகளை ஆராய்க." விளக்கத்தை அடைப்புக்குறியில் போட்டுவிட்டதால் தொடர்கதைக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். பாயிரப்படம் என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுப்பேன், ஐயா வருத்தப்பட வேண்டாம்.

கா. எழுதியது:

அக்கா, அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்களா? அடுத்த அலகில் 2017 படம் கவனன்ட் இருக்கிறதே. அது ப்ரொமீதியஸுக்குத் தொடர்ச்சி, ஏலியனுக்கு முன்கதை, நடப்பது 2104இல். 2024இல் வந்த ரோமுலஸ் இன்னும் மோசம், ஏலியனுக்கும் கேமரன் படத்துக்கும் நடுவில் 2142இல் நடக்கிறது. அதற்கு என்ன சொல்வது, இடைக்கதையா?

வே.ந. எழுதியது:

இடைக்கதை இல்லை. இடைச்செருகல். இது ஏற்கெனவே உள்ள சொல். நாளை விரிவாக எழுதுகிறேன்.