தண்ணீர் வரும் நேரமும் படகு வரும் நேரமும் நம் கையில் இல்லை, வீட்டு வேலையை எப்படி ஒழுங்கில் கொண்டுவருவது?

பாம்பன்_அம்மா:
மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. வீட்டுக்காரர் விசைப்படகில் திங்கள், புதன், சனி கடலுக்குப் போவார், மறுநாள் காலையில் கரை. எனக்கு ஒன்பதரைக்கு ஜவுளிக்கடையில் இருக்க வேண்டும். யூடியூபில் பார்த்து 5 மணிக்கு வாசல், 5.30க்கு சமையல் என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன், நாலு நாள் தாண்டவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் சில நாள் ராத்திரி பதினொன்றுக்குத்தான் வரும், கிணற்றுத் தண்ணீரோ ஒரே உப்பு, சோப்பு நுரைக்கவே நுரைக்காது, அதனால் குடம் எல்லாம் நிறைத்துவிட்டுப் படுக்கும்போது பன்னிரண்டரை ஆகிவிடுகிறது. அப்புறம் எங்கே 5 மணி? படகு வரும் காலையில் மீன் வேறு வந்துவிடும். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்குத்தான் துப்பு இல்லை என்கிறார் மாமியார்.

மண்டபம்_அக்கா:
துப்பு எல்லாம் இருக்கிறது தங்கச்சி, அட்டவணைதான் நம்ம ஊருக்கு எழுதியது இல்லை. நான் மணி பார்ப்பதை விட்டுவிட்டு கடல் நாள், கரை நாள் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். அவர் கடலில் இருக்கும் ராத்திரி வீட்டில் ஒரு ஆள் குறைவு, மீன் வேலை இல்லை, அன்றைக்குத்தான் மாவு ஆட்டுவது, துணி மடிப்பது. கரை நாளில் புதிதாக ஒரு வேலையும் கிடையாது, பழைய குழம்பைச் சுட வைத்தால் போதும். சின்னவனுக்குப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு உண்டே, அவனுக்காக அவசரப்பட்டு இட்லி ஊற்ற வேண்டாம். மீனை அவரிடமே கொடுங்கள். வலை பொத்தத் தெரிந்த கைக்கு மீன் அரியத் தெரியாதா? தண்ணீருக்கு மூத்தவளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_உம்மா:
எங்கள் வீட்டில் அவர் சவூதியில், நான் ஒற்றை ஆள். எனக்குக் கடிகாரம் ஒத்துவரவில்லை, பாங்குதான் ஒத்துவந்தது. அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் பிள்ளைகளின் பை, சீருடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். முதல் மாதம் அது ஒன்றுதான், வேறு எதையும் சேர்க்கவில்லை. அது பழகின பிறகுதான் ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் அடுப்படி துடைப்பதைச் சேர்த்தேன். உங்களுக்குப் பக்கத்தில் கோயில் மணியோ சர்ச் மணியோ எது கேட்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொண்டி_வாசகி:
மண்டபம் அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. படிக்கிற பெண் குழந்தையை ராத்திரி பதினொன்றுக்கு எதற்கு எழுப்ப வேண்டும்? கரை நாளில் அவர் வீட்டில்தானே இருக்கிறார், அவர் பிடிக்கட்டும். இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலத்தில் புதிய பழக்கம் எதையும் தொடங்காதீர்கள். ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் அவரும் வீட்டில், பள்ளியும் பெரும்பாலும் லீவு, எல்லாம் அழகாக நடப்பது போல இருக்கும். படகு கிளம்பின மறுநாளே பழைய கதை. நான் இரண்டு வருஷம் அப்படி ஏமாந்தேன்.

பாம்பன்_அம்மா:
நேற்று கரை நாள். மீனை அவர் கையில் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே நகரை மீனை அரிந்தார், செதில் சுவர் வரைக்கும் பறந்திருக்கிறது, ஆனால் நான் கடைக்கு நேரத்துக்குப் போய்விட்டேன். பைகளை ராத்திரியே எடுத்து வைப்பதை மட்டும் இந்த மாதம் பிடித்துக்கொள்கிறேன். தண்ணீர் இன்னும் வரவில்லை, குழாயடியில் உட்கார்ந்துதான் இதை அடிக்கிறேன்.