தாழ்ந்த குரல் உள்ள பெண்கள் கரோக்கிக்கு எவ்வகைப் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது?

அடிக்குரல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் குரல் இயல்பிலேயே தாழ்வானது. தொலைபேசியில் பேசினால் பாதிப் பேர் என்னை ஆண் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். பாடுவதில் எனக்கு அளவற்ற விருப்பம் உண்டு. ஆனால் கரோக்கியில் பெண் பாடகியரின் பாடல் எதை எடுத்தாலும், பல்லவி ஓரளவு நன்றாகப் போய், சரணத்தின் மூன்றாவது வரியில் குரல் கிழிந்துவிடுகிறது. அல்லது பொய்க்குரலுக்குத் தாவ நேர்ந்து, அது மெலிந்து இசைக்குள் மறைந்துவிடுகிறது. ஆண் பாடகர்களின் பாடல்களை முயன்றால் தொடக்க வரிகள் என் குரலுக்கும் கீழே போய்விடுகின்றன. சுருதி காட்டும் செயலி ஒன்றைக் கொண்டு அளந்து பார்த்ததில், வருத்தமின்றிப் பாட முடிவது ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸிலிருந்து 494 ஹெர்ட்ஸ் வரை எனத் தெரிந்தது. இதற்கு மேல் எட்டுவதற்குப் பயிற்சி செய்ய வேண்டுமா, அல்லது இந்த எல்லைக்குள்ளேயே எனக்குப் பொருந்தும் பாடல்களைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? கரோக்கித் தடத்தின் சுருதியை இறக்கிப் பாடுவது ஏமாற்று வேலை என்று ஒரு தோழி சொன்னதும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மந்தரஸ்தாயி:

வணக்கம் சகோதரி. முதலில் அந்த உறுத்தலை விட்டுவிடுங்கள். கச்சேரி மேடையில் ஒவ்வொரு பாடகரும் தமக்குரிய கட்டையில்தான் (அடிப்படைச் சுருதியில்தான்) பாடுகிறார். ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒன்றரைக் கட்டையிலும் இன்னொருவர் ஐந்தரைக் கட்டையிலும் பாடுவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. திரைப்பாடலை மட்டும் மூலப் பாடகியின் சுருதியிலேயே பாட வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீங்கள் தந்த அளவை வைத்தே பேசலாம். 165 ஹெர்ட்ஸ் என்பது மூன்று கட்டையின் மத்திய ஸட்ஜம், அதாவது நடு ஸ்தாயியின் (‘ஸ’ முதல் அடுத்த ‘ஸ’ வரையுள்ள எல்லையின்) ‘ஸ’; 494 என்பது அதே சுருதியின் தார பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் ‘ப’. ஆகவே ஐந்தரைக் கட்டையில் அமைந்து, மத்திய ஸட்ஜத்துக்குக் கீழே இறங்காமல் தார பஞ்சமம் வரை ஏறும் ஒரு பெண்குரல் பாடலை நீங்கள் மூன்று கட்டைக்கு இறக்கினால் அது உங்கள் எல்லைக்குள் சரியாக வந்து அமரும். எண்ணிக்கையில் இது இரண்டரைக் கட்டை போலத் தோன்றினாலும், ஐந்தரையிலிருந்து ஐந்து, நாலரை, நான்கு, மூன்று என்று வருவதால் (மூன்றரை என்று ஒன்று இல்லை) நான்கு அரைச்சுரப் படிகள்தாம், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த நான்கு விசைகளின் தூரம்தான். கரோக்கிச் செயலிகளில் கீ என்ற இடத்தில் கழித்தல் 4 என்று வைக்க வேண்டும்.

ஆண் பாடலுக்கு இதையே திருப்பிச் செய்யுங்கள். ஒரு பாடல் 131 ஹெர்ட்ஸில் தொடங்கி 392 வரை போகிறது என்று கொள்வோம். நான்கு படி உயர்த்தினால் அது 165 முதல் 494 வரை என்று ஆகிவிடுகிறது. உயர்ந்த சுருதியில் மெல்லிய குரல் உள்ள பெண்கள் ஆண் பாடலை ஒரு முழு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடுவார்கள். நீங்களோ பாடகர் பாடிய அதே ஸ்தாயியில், சற்று உயர்த்தி மட்டும் பாடலாம். இது உங்கள் குரலுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி என்றே நான் நினைக்கிறேன், ஏனெனில் உங்களுக்குத் திறந்திருக்கும் பாடல்களின் எண்ணிக்கை இதனால் பல மடங்கு பெருகிவிடுகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சுருதி மாற்றம் பாடலை நகர்த்துமே தவிரச் சுருக்காது. மந்தர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயியின் ‘ப’வில்) தொடங்கித் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி அலையும் பாடலை எந்தக் கட்டைக்கு மாற்றினாலும் ஏதோ ஒரு முனை உங்கள் எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே தேர்வின் முதல் கேள்வி, இப்பாடல் எவ்வளவு உயரம் போகிறது என்பதன்று. மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான். ஒன்றரை ஸ்தாயிக்குள் அடங்குவதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும், உச்ச சுரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கும் பாடலைவிட, உச்சத்துக்குச் சற்றுக் கீழேயே நான்கு வரிகள் நின்று நீட்டும் பாடல் தொண்டையை அதிகம் களைப்படையச் செய்யும்.

வெள்ளிவீணை:

மேலே சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் நான் சுருதியை மாற்றுவதில் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. நான்கு படிக்கு மேல் உயர்த்தினால் தடத்தில் பதிவாகியுள்ள கோரஸ் குரல்கள் குழந்தைகளின் குரல்போல் ஆகிவிடுகின்றன. மிகவும் இறக்கினால் தாளக் கருவிகளின் கூர்மை மழுங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு படி மாற்றினாலே போதும் என்னும்படியான பாடலைத் தேடுவது நல்லது.

தேடும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. குரலின் கனம் வேறு, சுருதி வேறு. கனத்த குரல் என்று நாம் எண்ணும் எல். ஆர். ஈஸ்வரியின் துள்ளல் பாடல்கள் பல உண்மையில் உச்சத்தில் நின்று முழங்குபவை. கேட்க அடிக்குரல் போலத் தோன்றுவதை நம்பி எடுத்துக்கொண்டு நானே திணறியிருக்கிறேன். அதே பாடகி 1972-இல் வெளிவந்த வெள்ளி விழா படத்துக்காகப் பாடிய ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாடலோ கிசுகிசுப்பது போன்ற மெல்லொலியிலேயே நடப்பது. அதில் குரலை உந்த வேண்டிய இடம் குறைவு. ஆயிரத்தில் ஒருவன் (2010) படத்தில் ஆண்ட்ரியா பாடிய ‘மாலை நேரம்’ பாடலையும் கேட்டுப் பாருங்கள். வீச்சு நிறைந்த வேகப் பாடல் வேண்டுமானால், அஞ்சலி (1990) படத்தில் உஷா உதுப் பாடிய ‘வேகம் வேகம்’ இருக்கிறது. பள்ளி நாளில் இசை வகுப்புக்குப் பொருந்தாத குரல் என்று ஒதுக்கப்பட்ட அவர், அந்தக் குரலையே தம் அடையாளமாக்கிப் பல மொழிகளில் பாடினார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. எதை எடுத்தாலும் மேடைக்கு முன் உங்கள் செயலியில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாடல்களில் ஒரே சுருதிக்குள் இருவரையும் அடக்க வேண்டியிருப்பதால் ஆணின் வரிகள் பெரும்பாலும் அவருக்கு உயரமாகவே அமைந்துவிடும். அந்த உயரம் உங்களுக்கு நடுத்தரம். ஆகவே ஆணின் வரிகளை நீங்கள் எடுத்துக்கொண்டு, பெண்ணின் வரிகளை மெல்லிய குரல் உள்ள தோழியிடம் விட்டுவிட்டால் தடத்தில் எதையும் மாற்றவே வேண்டியிராது.

ஒலிமேசை:

நான் ஒலியமைப்பு வேலை செய்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கரோக்கியில் வழக்கமாகக் கிடைக்கும், கையில் பிடிக்கும் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தால் கீழ்ச்சுரங்களின் ஒலி தானாகவே தடித்துவிடும். இயல்பிலேயே தாழ்ந்த குரல் அப்போது உருண்டு, சொற்கள் புரியாமல் போகும். முழுக்குரலில் பாடும் வரிகளுக்கு நான்கு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். மிகத் தாழ்ந்து மெல்லமாகப் பாடும் வரிகளுக்கு மட்டும் அருகே கொண்டுவாருங்கள். எக்கோவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் குரல் ஒலிக்கும் அதே சுர எல்லையில்தான் கிதாரும் கீபோர்டும் ஒலிக்கின்றன என்பதால், தடத்தின் ஒலியளவு கூடினால் முதலில் மறைவது உங்கள் குரலாகத்தான் இருக்கும். அப்போது கத்தத் தோன்றும். கத்தாமல் தடத்தின் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடிக்குரல்:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இந்த வாரம் ‘காதோடுதான்’ பாடலை இரண்டு படி இறக்கியும், ஆண்குரல் பாடல் ஒன்றை மூன்று படி உயர்த்தியும் பயின்றேன். சரணத்தில் குரல் கிழிவது நின்றுவிட்டது. புதிதாக ஒரு சிக்கல்: பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய பாடல் என்பதால் முதல் வரியைப் பழைய சுருதியிலேயே தொடங்கிவிட்டுப் பிறகு தடுமாறுகிறேன். ஆணின் வரிகளைப் பாடும்போது, அவளே என்று விளிக்கும் சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

மந்தரஸ்தாயி:

செவியில் பதிந்த பழைய சுருதி எளிதில் விலகாது. ஒரு வாரத்துக்கு மூலப் பாடலைக் கேட்பதை நிறுத்திவிட்டு, மாற்றிய தடத்தை மட்டும் கேளுங்கள். முன்னிசை ஒலிக்கும்போதே அதன் ஸட்ஜத்தை வாய்மூடி முனகிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து முதல் சொல்லுக்குப் போங்கள். சொற்களை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண் பாவத்தில் (ஆணின் கூற்றாக) அமைந்த பதங்கள் என்னும் காதல் இசைப்பாடல்களைப் பெண்களும் நாயகி பாவத்தில் (பெண்ணின் கூற்றாக) அமைந்தவற்றை ஆண்களும் பாடுவது நம் இசையில் இயல்பாக நடந்து வருவதுதான், எதுகையைக் குலைத்துச் சொல்லை மாற்றினால்தான் கேட்பவர் கவனம் அங்கே போகும்.